ரிப்போர்ட் பிரிவியூ குழம்பினால் எங்கே கை வைப்பது: டிரைவரிலா, ரிப்போர்ட்டிலா?

ஆக்சஸ் போன்ற டேட்டாபேஸ் மென்பொருளில் நேற்று வரை சரியாக வந்த ரிப்போர்ட், இன்று பிரிவியூவில் ஒன்றுவிட்டு ஒரு பக்கம் வெறுமையாக வருகிறது. இல்லையென்றால் வலது ஓரத்துத் தொகைக் கட்டம் மட்டும் தனியாக அடுத்த பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. சில சமயம் ரிப்போர்ட் திறப்பதற்கு முன்பே ஒரு பெட்டி வந்து, "இது வேறொரு பிரிண்டருக்காக அமைக்கப்பட்டது, அந்தப் பிரிண்டர் இப்போது இல்லை, டீஃபால்ட் பிரிண்டரைப் பயன்படுத்தலாமா?" என்று கேட்கிறது. டேட்டாபேஸில் யாரும் கை வைக்கவில்லை. குவெரியை ஓட்டிப் பார்த்தால் தரவு முழுசாக இருக்கிறது. மாறியது பிரிண்டர் மட்டும்தான், அல்லது விண்டோஸுக்கும் அதற்கும் நடுவே பேசும் மென்பொருளான அதன் டிரைவர்.

இதற்குச் சொல்லப்படும் தீர்வுகளை வரிசையாகப் போட்டால் ஐந்து தேறும். டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி போடுவது, எல்லா மாடலுக்கும் பொதுவான டிரைவருக்கு மாறுவது, டீஃபால்ட்டாக ஒரு பிடிஎஃப் பிரிண்டரை வைப்பது, ரிப்போர்ட்டின் உள்ளேயே திருத்துவது, அச்சு வேலையைப் பிடிஎஃப் வழியாகத் திருப்பிவிடுவது. எல்லாமே எங்கோ ஓரிடத்தில் வேலை செய்திருக்கின்றன. அதனால்தான் எதை எடுப்பது என்ற குழப்பமும் வருகிறது. இங்கே மைக்ரோசாஃப்ட் ஆக்சஸை மையமாக வைத்துச் சொல்கிறேன். கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் என்ற இன்னொரு ரிப்போர்ட் மென்பொருளில் மாறும் இடங்களை அங்கங்கே தொட்டுக்கொள்ளலாம்.

## திரையில் தெரிவதற்கும் பிரிண்டருக்கும் என்ன சம்பந்தம்?

பிரிண்ட் பிரிவியூ என்பது தாளில் என்ன வருமோ அதைத் திரையில் வரைந்து காட்டும் ஏற்பாடு. வரைவதற்கு முன் ஆக்சஸ் டிரைவரிடம் சில கேள்விகள் கேட்கும். தாளின் அளவு என்ன, ஓரத்தில் எவ்வளவு இடம் அச்சிட முடியாதது, ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி, இந்த எழுத்துரு என்ன அகலம் பிடிக்கும். பதிலைப் பொறுத்துத்தான் வரி எங்கே உடையும், பக்கம் எங்கே முடியும் என்பதெல்லாம் தீர்மானமாகிறது. கணினியில் ஒரு பிரிண்டர்கூட இல்லையென்றால் கேட்க ஆளில்லை, பிரிவியூவே திறக்காது.

அந்தப் பதிலின் ஒரு பகுதி ரிப்போர்ட்டுக்குள்ளேயும் சேமிக்கப்படுகிறது. விண்டோஸில் அதற்கு டெவ்மோட் என்று பெயர். அதன் முன்பகுதி எல்லா டிரைவருக்கும் பொது. தாளின் அளவு அங்கே ஓர் எண்ணாக இருக்கும்: லெட்டருக்கு 1, லீகலுக்கு 5, ஏ4-க்கு 9. பின்பகுதி அந்தந்த டிரைவரின் சொந்தச் சமாச்சாரம். இன்னொரு டிரைவருக்கு அது புரியாது. பழைய பிரிண்டரை வைத்துச் சேமித்த ரிப்போர்ட்டைப் புதிய பிரிண்டர் உள்ள கணினியில் திறக்கும்போது வரும் விநோதங்களில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது.

ஆக்சஸ் 2007-இல் ரிப்போர்ட் வியூ என்று ஒன்று வந்தது. அது பக்கம் பிரிக்காமல் மேலிருந்து கீழாக ஓடும். ஆகவே ரிப்போர்ட் வியூவில் எல்லாம் சரியாகத் தெரிந்து பிரிண்ட் பிரிவியூவில் மட்டும் கெட்டால், சந்தேகத்தைப் பிரிண்டர் பக்கம் திருப்பலாம். கட்டங்களில் எர்ரர் என்றோ நேம் என்றோ எண்குறியுடன் (#) வந்தால் அது வேறு கதை. ஃபீல்டு பெயர் மாறியிருக்கும், அல்லது ஃபார்முலாவில் பிழை இருக்கும். அதற்காகப் பிரிண்டரைத் தொட வேண்டாம்.

## எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை

விண்டோஸ் 10-இலிருந்து மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப் என்ற பிரிண்டர் கூடவே வருகிறது. தற்காலிகமாக அதை டீஃபால்ட்டாக வைத்து, ஆக்சஸை மூடித் திறந்து, அதே ரிப்போர்ட்டைப் பிரிவியூவில் பாருங்கள்.

சரியாக வந்தால், குற்றம் வழக்கமான பிரிண்டரின் டிரைவரிலோ, அதன் செட்டிங்கிலோ, அது ஒதுக்கச் சொல்லும் ஓரத்திலோ இருக்கிறது. அதே கோளாறு அப்படியே வந்தால், ரிப்போர்ட்டின் அகலமோ உள்ளே சேமிக்கப்பட்ட பிரிண்டர் விவரமோ காரணம். இரண்டாவது வகையில் டிரைவரை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை.

அப்புறம், வேர்டிலிருந்தோ நோட்பேடிலிருந்தோ வழக்கமான பிரிண்டரில் ஒரு பக்கம் அச்சிட்டுப் பாருங்கள். அங்கேயும் உடைந்தால் டிரைவர் நிச்சயம். இவ்வளவும் செய்ய இரண்டு நிமிடம் போதும். இதைச் செய்யாமல் டிரைவரைக் கழற்ற ஆரம்பிப்பவர்களே அதிகம்.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

நான் பார்க்கும் அளவுகோல்கள் இவை.

எத்தனை கணினிகள்? ஒரே கணினி என்றால் அந்தக் கணினியில் செய்யும் திருத்தம் போதும். பல பேர் பயன்படுத்தும் டேட்டாபேஸ் என்றால், கணினி கணினியாக ஓடுவதைவிடக் கோப்பில் ஒருமுறை திருத்துவது மேல்.

அட்மின் உரிமை உங்களிடம் இருக்கிறதா? 2021 ஜூலையில் பிரிண்ட் நைட்மேர் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தது. அதையொட்டி ஆகஸ்ட் மாத அப்டேட்டிலிருந்து, பிரிண்ட் சர்வரிலிருந்து டிரைவரை நிறுவவும் புதுப்பிக்கவும் அட்மின் உரிமை வேண்டும் என்று விண்டோஸ் மாற்றிவிட்டது. அதற்கு முன் சாதாரணப் பயனரே செய்துகொண்ட வேலை இது.

ரிப்போர்ட்டின் டிசைனைத் திறக்க முடியுமா? ஆக்சஸின் வழக்கமான ஏசிசிடிபி கோப்பு என்றால் முடியும். ஏசிசிடிஇ ஆக மாற்றித் தந்திருந்தால் டிசைன் வியூ பூட்டியிருக்கும். மூலக் கோப்பு யாரிடம் இருக்கிறது என்று தேட வேண்டும்.

தாளில் எவ்வளவு துல்லியம் வேண்டும்? வெள்ளைத் தாளில் ஒரு பட்டியல் என்றால் ஓரிரு மில்லிமீட்டர் நகர்வதில் நஷ்டமில்லை. முன்பே அச்சடித்த படிவம், காசோலை, லேபிள் என்றால் அதே ஓரிரு மில்லிமீட்டர் பெரிய தலைவலி.

அடுத்த பிரிண்டர் மாறும்போது மறுபடி வருமா? என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான கேள்வி. அவசரத்தில் யாரும் இதைக் கேட்பதில்லை.

## வழி 1: டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி போடுவது

எல்லோரும் முதலில் கை வைக்கும் இடம். பாதிப் பேர் பாதியில் விட்டுவிடும் இடமும் இதுதான். செட்டிங்ஸில் போய்ப் பிரிண்டரை நீக்கினால் டிரைவர் போய்விடும் என்று நினைக்கிறோம். போகாது. பிரிண்டர் என்ற பெயர்ப் பலகை மட்டும்தான் கழலும். டிரைவர் கோப்புகள் அப்படியே இருக்கும். மறுபடி பிரிண்டரைச் சேர்த்தால் அதே பழைய டிரைவர் வந்து ஒட்டிக்கொள்ளும்.

முழுதாக எடுக்க, பிரிண்ட் சர்வர் பிராப்பர்ட்டீஸ் என்ற பெட்டியில் டிரைவர்ஸ் பக்கத்துக்குப் போய், டிரைவரையும் அதன் பேக்கேஜையும் சேர்த்து நீக்கும் தேர்வை எடுக்க வேண்டும். "பயன்பாட்டில் இருக்கிறது" என்று மறுத்தால், அச்சு வேலைகளை வரிசையில் அனுப்பும் பிரிண்ட் ஸ்பூலர் சர்வீஸை ஒருமுறை நிறுத்தித் தொடங்கிவிட்டு உடனே மறுபடி முயல வேண்டும். தேங்கி நிற்கும் அச்சு வேலைகள் இருந்தால் அவற்றையும் முதலில் ரத்து செய்துவிடுங்கள்.

மறைந்திருக்கும் செலவு பெயரில் இருக்கிறது. மறுபடி நிறுவும்போது அதே பெயரில் ஒரு பிரிண்டர் ஏற்கெனவே இருந்தால், விண்டோஸ் புதியதன் பெயருக்குப் பின்னால் "காப்பி 1" என்று ஒட்டிவிடும். ரிப்போர்ட் தேடுவது பழைய பெயரை. டிரைவர் புத்தம் புதிதாக இருக்கும். ஆனால் "அந்தப் பிரிண்டர் இல்லை" என்ற பெட்டி முன்னைவிட அதிகமாக வரும். தட்டுத் தேர்வு, இருபக்க அச்சு, நீங்களே உருவாக்கி அந்தப் பிரிண்டருக்குத் தேர்ந்தெடுத்து வைத்த தாள் அளவு எல்லாம் அழிந்து தொடக்க நிலைக்குப் போயிருக்கும். எனவே கழற்றும் முன் பிரிண்டரின் பெயரை எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொள்ளுங்கள்; செட்டிங் பக்கங்களைப் படம் பிடித்து வையுங்கள்.

இந்த வழி பொருந்துவது எல்லா மென்பொருளிலும் அச்சு கெட்டிருக்கும்போது. பிரிவியூவைத் திறந்ததும் ஆக்சஸ் மூடிக்கொள்கிறதா, விண்டோஸ் அப்டேட் வந்த மறுநாளிலிருந்து கோளாறா, அப்போதும் இதுதான். 2021 மார்ச் அப்டேட் நல்ல உதாரணம். அதற்குப் பின் சில டிரைவர்களில் அச்சிட்டாலே நீலத்திரை வந்தது. சிலருக்குப் பார்கோடும் படங்களும் தாளிலிருந்து காணாமல் போயின. சில நாட்களில் மைக்ரோசாஃப்ட் திருத்த அப்டேட் வெளியிட்டது. அப்படிப்பட்ட நாளில் ரிப்போர்ட்டைக் குடைந்துகொண்டிருப்பது வீண்.

## வழி 2: பொது டிரைவருக்கு மாறுவது

பிரிண்டர் நிறுவனங்கள் பலவும் பல மாடல்களுக்கு ஒரே டிரைவர் தருகின்றன; யுனிவர்சல் டிரைவர் என்பார்கள். விண்டோஸிலேயே ஐபிபி கிளாஸ் டிரைவர் என்று அப்படிப்பட்ட பொது டிரைவர் ஒன்று இருக்கிறது. காற்று வீசும் திசையும் இந்தப் பக்கம்தான். வெளி நிறுவனங்களின் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகத் தருவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அறிவித்தது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் உள்ள பாதுகாக்கப்பட்ட அச்சு முறையை இயக்கினால், வெளி டிரைவர்களுக்கே இடமில்லை.

ரிப்போர்ட்டைப் பொறுத்தவரை இதன் லாபம் ஒழுங்கு. வெவ்வேறு மாடல் பிரிண்டர்கள் இருக்கும் இடத்தில், எல்லாக் கணினியும் ஒரே டிரைவரிடம் கேட்டால் எழுத்தின் அகலமும் வரி உடையும் இடமும் ஏறக்குறைய ஒத்துப்போகும். "என் கணினியில் 11 பக்கம், உங்களிடம் 12 பக்கம்" என்ற தகராறு குறையும்.

இழப்பது தனி வசதிகளை. ஸ்டேபிள் போடுவது, குறிப்பிட்ட தட்டிலிருந்து தாள் எடுப்பது, விசேஷத் தாள் அளவு போன்றவை பொது டிரைவரில் தெரியாமல் போகலாம். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் தொடர்தாள் ஓட்டுபவர்களுக்கு இது பெரும்பாலும் தீர்வே இல்லை. யுனிவர்சல் டிரைவரிலும் பிசிஎல், போஸ்ட்ஸ்கிரிப்ட் என்று, பக்கத்தைப் பிரிண்டருக்கு விவரிக்கும் மொழியைப் பொறுத்து வகைகள் உண்டு. எழுத்து மாறி வருவது, கட்டங்களாக வருவது போன்ற கோளாறுக்கு ஒரு வகையிலிருந்து மற்றதற்கு மாறிப் பார்ப்பதே பல நேரம் போதுமானது. டிரைவரின் மேம்பட்ட செட்டிங்கில் எழுத்துருவை பிரிண்டரின் சொந்த எழுத்துருவால் மாற்றிக்கொள்ளும் தேர்வு இருந்தால், அதை அணைத்துவிட்டு எழுத்துருவை அனுப்பும்படி வையுங்கள். தமிழ் போல எழுத்துகள் இடம் மாறிச் சேரும் மொழிகளுக்கு இது ரொம்பவே முக்கியம்.

## வழி 3: டீஃபால்ட்டாக பிடிஎஃப் பிரிண்டர்

மேலே சொன்ன சோதனையையே நிரந்தரமாக்கினால் இந்த வழி. அட்மின் உரிமை வேண்டாம், காசு வேண்டாம், உடனே பலன். நெட்வொர்க் பிரிண்டர் அணைந்திருந்தால் ரிப்போர்ட் திறக்கவும், டிசைனில் ஒரு கட்டத்தை நகர்த்தவும்கூட ஆக்சஸ் இழுத்துக்கொண்டு நிற்கும். டிரைவரிடம் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதுதான் காரணம். உள்ளூரிலேயே இருக்கும் பிடிஎஃப் பிரிண்டர் டீஃபால்ட்டானால் அந்த இழுவை போய்விடும். ரிப்போர்ட் வடிவமைப்பவர்களுக்கு இந்த ஏற்பாட்டைத் தயங்காமல் சொல்வேன்.

தினமும் அச்சிடுபவர்களுக்குச் சொல்லத் தயங்குவேன். பிரிண்ட் பொத்தானை அழுத்தினால் தாள் வராமல் "கோப்பை எங்கே சேமிக்க?" என்று கேட்கும். இரண்டாம் நாளே யாராவது டீஃபால்ட்டைத் திருப்பி மாற்றிவிடுவார்கள். மனிதர் மாற்றாவிட்டாலும் விண்டோஸ் மாற்றும். 2015 நவம்பரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, "டீஃபால்ட் பிரிண்டரை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும்" என்ற தேர்வு இருக்கிறது. அது இயங்கினால், கடைசியாக எந்தப் பிரிண்டரில் அச்சிட்டீர்களோ அதுவே டீஃபால்ட் ஆகிவிடும். காலையில் சரியாக இருந்த ரிப்போர்ட் மதியம் கெடுகிறது, மறுநாள் தானாகவே சரியாகிறது என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தத் தேர்வைத்தான். எந்த வழியை எடுத்தாலும் இதை அணைத்துவிடுங்கள்.

இன்னொரு பொறியும் உண்டு. பிடிஎஃப் பிரிண்டருக்குத் தாள் இல்லை, உருளை இல்லை. எனவே ஓரம் வரை அச்சிடலாம் என்று சொல்லும். பிரிவியூ அழகாக இருக்கும். உண்மையான பிரிண்டருக்குப் போகும்போது ஓரத்து எழுத்து வெட்டுப்படும். திரைக்கோளாறு தாள்கோளாறாக இடம் மாறியதுதான் மிச்சம்.

## வழி 4: ரிப்போர்ட்டையே திருத்துவது

எனக்குப் பிடித்தது இது. நேரம் அதிகம் கேட்கும், ஆனால் அடுத்த பிரிண்டர் வந்தாலும் நிற்கும்.

முதல் வேலை, பேஜ் செட்டப்பில் குறிப்பிட்ட பிரிண்டர் என்று இருப்பதை டீஃபால்ட் பிரிண்டர் என்று மாற்றிச் சேமிப்பது. "அந்தப் பிரிண்டர் இல்லை" என்ற பெட்டி பெரும்பாலும் இதோடு நின்றுவிடும்.

இரண்டாவது வேலை கணக்கு. ரிப்போர்ட்டின் அகலம், இடது மார்ஜின், வலது மார்ஜின் மூன்றும் சேர்ந்து தாளின் அகலத்தைத் தாண்டக் கூடாது. ஏ4-இன் அகலம் 210 மி.மீ. ரிப்போர்ட் 199 மி.மீ., இருபக்க மார்ஜினும் தலா 5 மி.மீ. என்று வைத்தால் கூட்டு 209. பழைய பிரிண்டரில் ஒழுங்காக இருக்கும். புதுப் பிரிண்டரின் டிரைவர் "ஓரத்தில் 6.35 மி.மீ.க்குள் என்னால் அச்சிட முடியாது" என்று சொன்னால் ஆக்சஸ் மார்ஜினைத் தானாக உயர்த்திவிடும். இப்போது கூட்டு 211.7. தாளைவிட 1.7 மி.மீ. கூடுதல். அந்த மீதிக்காக ஒரு முழுப் பக்கம் ஒதுக்கப்படும். அதில் வைக்க ஒன்றும் இல்லாததால் அது வெறுமையாக வரும். ஒன்றுவிட்டு ஒரு வெற்றுப் பக்கத்தின் ரகசியம் இவ்வளவுதான்.

லெட்டர் தாளுக்குச் செய்த ரிப்போர்ட் ஏ4-இல் திறந்தால் இன்னும் மோசம். லெட்டர் 215.9 அகலம், 279.4 உயரம், ஏ4 210 அகலம், 297 உயரம். ஒன்று அகலம், மற்றது உயரம். லெட்டரில் 6.35 மார்ஜின் விட்டு 203.2 அகலத்துக்கு நிரப்பிய ரிப்போர்ட், ஏ4-இல் 5.9 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு தாளும் வரக்கூடிய இடம் என்றால் ஏ4-இன் அகலத்தையும் லெட்டரின் உயரத்தையும் எல்லையாக வைத்து வடிவமைக்க வேண்டும். தாராளமாக 12.7 மி.மீ. மார்ஜின் விட்டு, ரிப்போர்ட் அகலத்தை 180 மி.மீ.க்குள் வைத்தால் அநேகமாக எந்த பிரிண்டரும் முரண்டு பிடிக்காது.

அகலத்தைக் குறைக்கும்போது ஆக்சஸ் ஒத்துழைக்காமல் அடம்பிடிக்கிறதா? வலது ஓரத்தில் ஒரு கோடோ, கண்ணுக்குத் தெரியாத காலிக் கட்டமோ நீட்டிக்கொண்டிருக்கும். ஹெடர், ஃபுட்டர் பகுதிகளில் கிடைமட்டக் கோடுகள்தான் வழக்கமான குற்றவாளிகள். அவற்றைச் சுருக்கிய பிறகுதான் எல்லை உள்ளே வரும்.

மூன்றாவது வேலை, உள்ளே தங்கிய பழைய பிரிண்டர் விவரத்தைத் துடைப்பது. டீஃபால்ட் என்று மாற்றிய பிறகும் கோளாறு போகாத ரிப்போர்ட்டுகளுக்கு மட்டும் இது. ரிப்போர்ட்டை ஓர் உரைக்கோப்பாக எழுதவும், அதிலிருந்து திரும்ப ஏற்றவும் ஆக்சஸில் இரண்டு கட்டளைகள் உண்டு: சேவ்-அஸ்-டெக்ஸ்ட், லோட்-ஃப்ரம்-டெக்ஸ்ட். அப்படி எழுதிய கோப்பை நோட்பேடில் திறந்தால், மேல்பகுதியில் டெவ்மோட், டெவ்நேம்ஸ் என்ற பெயர்களில் எண்ணும் எழுத்துமாக நீளமான தொகுதிகள் தெரியும். அந்தத் தொகுதிகளை, தொடக்க வரியிலிருந்து முடிவு வரி வரை, முழுதாக நீக்கிவிட்டுத் திரும்ப ஏற்றினால் ரிப்போர்ட் பழைய பிரிண்டரை மறந்துவிடும். அருகிலேயே மிப் என்று முடியும் இன்னொரு தொகுதி இருக்கும். அதில்தான் மார்ஜினும் நெடுவரிசை அமைப்பும் இருக்கின்றன, அதைத் தொடாதீர்கள். தாளைக் குறுக்காக வைக்கும் (லேண்ட்ஸ்கேப்) அமைப்பும் தாள் அளவும் டெவ்மோடில் இருந்தவை என்பதால், ஏற்றிய பின் அவற்றை மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். தொடங்கும் முன் டேட்டாபேஸின் நகல் கட்டாயம்.

நான்காவது, ஆக்சஸுக்குள்ளேயே நிரல் எழுதும் மொழியான விபிஏ. ஆக்சஸ் 2002 முதல் பிரிண்டரை அந்த நிரலிலிருந்தே (கோட்) கையாளலாம். ரிப்போர்ட் திறக்கும் நிகழ்வில் மார்ஜின்களை எண்ணாகவே கொடுத்துவிடலாம். அலகு ட்விப், ஒரு சென்டிமீட்டருக்கு 567, ஓர் அங்குலத்துக்கு 1440. ஆக்சஸ் இயங்கும்வரை மட்டும் வேறு பிரிண்டரைப் பயன்படுத்து என்றும் சொல்லலாம். விண்டோஸின் டீஃபால்ட் மாறாது. ஆனால் டீஃபால்ட் பிரிண்டர் என்று அமைத்த ரிப்போர்ட்டுகளே இந்தச் சொல்லைக் கேட்கும். குறிப்பிட்ட பிரிண்டரோடு கட்டிய ரிப்போர்ட் தன் பாட்டுக்குப் போகும். இது தெரியாமல் "கோட் வேலை செய்யவில்லை" என்று மணிக்கணக்கில் தேடுபவர்கள் உண்டு.

செலவு என்று பார்த்தால், ரிப்போர்ட்டுகளின் எண்ணிக்கைதான். ஐந்து என்றால் ஒரு மதிய வேளை. நூறு என்றால் எல்லா ரிப்போர்ட்டையும் டிசைனில் திறந்து, டீஃபால்ட் என்று மாற்றிச் சேமிக்கும் ஒரு சின்ன விபிஏ லூப் எழுதிவிடுங்கள். அகலக் கணக்கை மட்டும் கண்ணால் பார்த்தே செய்ய வேண்டும்.

கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸில் இதற்கு இணையானது பேஜ் செட்டப்பில் உள்ள "நோ பிரிண்டர்" தேர்வு. அதைப் போட்டால் வடிவமைப்பு எந்த பிரிண்டரோடும் கட்டுப்படாது. பல கணினிகளுக்குப் போகும் ரிப்போர்ட்டுக்கு நல்லது. ஆனால் அச்சிடும்போது வரி நீளம் கொஞ்சம் மாறலாம் என்பதால் கட்டங்களில் சற்று இடம் விட்டு வையுங்கள்.

## வழி 5: பிடிஎஃப் ஆக்கி, பிறகு அச்சிடுவது

ஆக்சஸிலிருந்தே ரிப்போர்ட்டைப் பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்து, அந்தக் கோப்பை எல்லோருக்கும் தருவது. ஒரே கணினியில் ஒருமுறை பக்கம் பிரித்தாகிவிட்டதால், பார்ப்பவர் எந்த பிரிண்டர் வைத்திருந்தாலும் பக்க எண்ணிக்கை மாறாது. அனுப்புவதற்கும் ஆவணமாக வைத்திருப்பதற்கும் இதைவிட நல்ல வழி இல்லை.

உருவாக்கும் கணினியில் பிரிண்டர் தொல்லை தீர்ந்துவிடும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். ஏற்றுமதியின்போதும் ஆக்சஸ் பிரிண்டரைக் கேட்டுத்தான் பக்கம் பிரிக்கிறது. பிடிஎஃப்-ஐ அச்சிடுபவர் "பக்கத்துக்குப் பொருத்து" என்ற தேர்வில் விட்டால் எல்லாம் சில சதவீதம் சுருங்கும். முன்பே அச்சடித்த படிவத்தில் கட்டங்கள் தவறும். உண்மை அளவு என்று மாற்றச் சொல்ல வேண்டும்.

எஸ்கியூஎல் சர்வரின் ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் போன்ற சர்வர் கருவிகள் பக்கத்தைத் தாங்களே வரைவதால் இந்தச் சிக்கல் வெகுவாகக் குறையும். ஆனால் ஒரு மார்ஜின் கோளாறுக்காக எல்லா ரிப்போர்ட்டையும் புதிதாக எழுதுவது அளவுக்கு மீறிய வைத்தியம். வேறு காரணங்களுக்காக எப்படியும் மாறப்போகிறீர்கள் என்றால் சரி.

## அருகருகே வைத்துப் பார்த்தால்

| வழி | அட்மின் உரிமை | எங்கே பலன் | மறைந்த செலவு | பிரிண்டர் மாறினால் |
|---|---|---|---|---|
| டிரைவரை மறுபடி போடுவது | வேண்டும் | அந்தக் கணினி மட்டும் | பெயர் மாற்றம், செட்டிங் இழப்பு | மறுபடி வரலாம் |
| பொது டிரைவர் | வேண்டும் | மாற்றிய கணினிகள் எல்லாம் | தட்டு, விசேஷத் தாள் வசதிகள் | பெரும்பாலும் தாங்கும் |
| பிடிஎஃப் டீஃபால்ட் | வேண்டாம் | அந்தப் பயனர் மட்டும் | தாளில் ஓரம் வெட்டு, தினசரி எரிச்சல் | பிரிவியூ மாறாது |
| ரிப்போர்ட்டில் திருத்தம் | வேண்டாம், மூலக் கோப்பு வேண்டும் | எல்லாக் கணினியும் | நேரம் | தாங்கும் |
| பிடிஎஃப் வழியாக அச்சு | வேண்டாம் | பெறுபவர்கள் எல்லாம் | அளவு சுருக்கம், ஒரு படி கூடுதல் | தாங்கும் |

## எந்த நிலையில் எது

ஒரே கணினி, எல்லா மென்பொருளிலும் அச்சு கெட்டிருக்கிறது: வழி 1. ஆக்சஸில் மட்டும் கெட்டிருந்தால் வழி 4-இலிருந்து தொடங்குங்கள்.

ஒரே டேட்டாபேஸைப் பலர் வெவ்வேறு பிரிண்டர்களோடு பயன்படுத்துகிறார்கள்: வழி 4 முதலில். அப்புறமும் வரி உடைவதில் வேறுபாடு தொந்தரவு செய்தால் வழி 2-ஐச் சேர்த்துக்கொள்ளலாம். வரிசையை மாற்றினால், டிரைவர் வேலை எல்லாம் முடிந்த பிறகும் அந்த 1.7 மில்லிமீட்டர் அங்கேயே காத்திருக்கும்.

ஏசிசிடிஇ கோப்பு, மூலம் கையில் இல்லை: தற்காலிகமாக வழி 3, அல்லது சரியாக வரும் ஒரு கணினியிலிருந்து வழி 5. ரிப்போர்ட் தேடும் பழைய பெயரைப் புதுப் பிரிண்டருக்கு அப்படியே சூட்டிப் பார்ப்பதும் உண்டு. "பிரிண்டர் இல்லை" என்ற பெட்டியை அது சில சமயம் நிறுத்தும். மார்ஜின் கோளாறைத் தீர்க்காது.

முன்பே அச்சடித்த படிவம், லேபிள்: இங்கே மட்டும் என் பொது விருப்பத்தை மாற்றிக்கொள்வேன். ரிப்போர்ட்டைக் குறிப்பிட்ட பிரிண்டரோடு கட்டிவைப்பதே சரி. அந்தப் பிரிண்டருக்கு நிலையான ஒரு பெயர், தயாரிப்பாளரின் சொந்த டிரைவர், பிரிண்ட் சர்வர் பிராப்பர்ட்டீஸில் ஃபார்ம்ஸ் பக்கத்தில் உருவாக்கிய தாள் அளவு மூன்றும் இருக்க வேண்டும். அந்த டிரைவரின் அப்டேட்டைச் சோதிக்காமல் போடாதீர்கள்.

ரிமோட் டெஸ்க்டாப்பில், அதாவது தொலைவிலுள்ள சர்வரில் ஓடும் ஆக்சஸ்: உங்கள் கணினியின் பிரிண்டர் அங்கே "திருப்பிவிடப்பட்டது" என்ற குறிப்போடும் ஓர் எண்ணோடும் தெரியும். அந்த எண் அமர்வைப் பொறுத்து மாறும். ஆகவே குறிப்பிட்ட பிரிண்டர் என்று சேமித்த ரிப்போர்ட் அங்கே ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் உடைந்தே தீரும். டீஃபால்ட் பிரிண்டர் என்று அமைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதிலேயே உள்ள பொது அச்சு வசதியான ரிமோட் டெஸ்க்டாப் ஈசி பிரிண்ட் இயங்கினால், தயாரிப்பாளரின் டிரைவரை சர்வரில் நிறுவ வேண்டிய தேவையும் பெரும்பாலும் இராது.

இரவில் தானாக ஓடும் ரிப்போர்ட்: டீஃபால்ட் பிரிண்டர் என்பது கணினிக்கு ஒன்று அல்ல, பயனருக்கு ஒன்று. நீங்கள் லாகின் செய்து பார்க்கும்போது ஓடுவது, ஷெட்யூலில் வேறு கணக்கின் கீழ் ஓடும்போது "பிரிண்டர் இல்லை" என்று நிற்பதற்குக் காரணம் இதுதான். டிரைவர் அங்கே குற்றமற்றது. அந்தக் கணக்கிலேயே ஒருமுறை லாகின் செய்து, உள்ளூர் பிரிண்டர் ஒன்றை டீஃபால்ட்டாக வைத்து, அதே கணக்கில் இருந்தபடியே ரிப்போர்ட்டைப் பிரிவியூவில் திறந்து பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.